தம்பி நடப்பானா என்று கேட்டிருந்தாய்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா உடனே கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று ஒரே பிடியாக நின்று, செவ்வாய்க்கிழமை போய்க் கொளுத்தியும் வந்துவிட்டார். உன் முழங்கால் எப்படி? அந்தப் பனியில் கவனமாக நட.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "தம்பி நடப்பானா?" வருகிற சொந்தக்காரர் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், நீ கேட்டதில் பிழையில்லை. வெசாக் பெருநாளுக்கு லைட் கட்ட ஏறிய கூரையிலிருந்து விழுந்தான் என்பது வரை உனக்குத் தெரியும். அடிபட்டது நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டின் ஐந்தாவது எலும்பில், டொக்டர்மார் ரீ-5 என்பார்கள். கைகள் முழுதாக வேலை செய்கின்றன. மார்புக்குக் கீழே அசைவில்லை, அங்கங்கே மங்கலாக உணர்வு மட்டும் இருக்கிறது. கம்பியும் ஸ்குரூவும் வைத்து ஒபரேஷன் செய்ததும் சரியாகிவிடும் என்றுதான் குடும்பத்தில் பலர் நினைத்தார்கள், ஆனால் அது உடைந்த எலும்பு அசையாமல் நிற்பதற்கான ஒபரேஷன், உள்ளே நசுங்கிய நரம்பு வடத்தை ஒட்டுவதற்கானது இல்லை. திரும்பி வரக்கூடிய அசைவில் பெரும்பகுதி முதல் ஆறு, ஒன்பது மாதத்துக்குள் வந்துவிடும், பிறகும் ஒன்றிரண்டு வருடம் வரை மெதுவாக ஏதாவது வரலாம் என்கிறார்கள். எட்டு மாதம் போய்விட்டது, கால் வரவில்லை. எனக்கு அவன் நடக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அவனுடைய இன்றைய நாளை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதை இந்த மாதங்களில் நன்றாக விளங்கிக்கொண்டேன்.

ஒருநாள் பெரியம்மா வந்திருந்தார். கட்டிலில் இருந்தவனின் வலது கால் திடீரென்று உதறி முழங்கால் மடங்கியது. "கால் அசையுது, கடவுளே, கால் அசையுது!" என்று அவர் அழுதுவிட்டார். தம்பிதான் அவர் கையைப் பிடித்து, "இல்லைப் பெரியம்மா, இது பிடிப்பு. மூளையிலிருந்து வருகிற கட்டளை இங்கே அறுந்துபோனதால் கீழே இருக்கிற நரம்பு தானாகவே துள்ளுது, அதுக்குத்தான் பக்லோஃபென் குளிசை குடிக்கிறன்" என்று பொறுமையாகச் சொன்னான். அவன் அப்படி விளக்கியதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் எதிரி தோல், மச்சான். உணர்வில்லாத இடத்தில் வலிக்காது, வலிக்காததால் ஆள் அசையமாட்டான், அசையாவிட்டால் இரத்தம் ஓடாமல் தசை செத்துப் புண்ணாகும். அதுவும் இடுப்புக்குப் பின்னாலும் குதிக்காலிலும் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். கட்டிலில் கிடக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும். இது எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பிப்போன லுட்விக் குட்மன் என்ற யூத நரம்பியல் டொக்டர், 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் முள்ளந்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்கு ஒரு பிரிவைத் தொடங்கியிருக்கிறார். அதுவரைக்கும் இப்படி அடிபட்டவர்களைக் கையைவிட்டுவிடுவார்களாம், பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போனார்கள். இவர் இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வைத்தார். அதே மனுசன் 1948 ஜூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, 16 பேரைச் சக்கர நாற்காலியில் இருத்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார், அதிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. தம்பிக்கு இதைச் சொன்னபோது விளையாட்டுப் பகுதியை விட்டுவிட்டு, "அந்த நாளில இரவில புரட்டினது யார், நேர்ஸ்மாரா?" என்று கேட்டான். அவன் மனைவி எத்தனை இரவு தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது காலையில் அவனே நீளப் பிடி வைத்த கண்ணாடியை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கிறான். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பான், விட்டதும் வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது தோல் அழியத் தொடங்குவதற்கான அடையாளம், அந்த இடம் தெளியும் வரை அதில் இருப்பதில்லை, படுப்பதுமில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவர் எண்ணெய் போட்டுச் சூடாக ஒத்தணம் கொடுத்தால் நரம்பு திறக்கும் என்றார். அன்பில் சொன்னதுதான், ஆனால் விடவில்லை. சூடு தெரியாத காலில் தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது.

சிறுநீர் விசயத்தை நீ கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட குழாயோடுதான் முதலில் வீட்டுக்கு வந்தான். ஒரு இரவு தலை வெடிக்கிற மாதிரி இடிக்கிறது என்று கத்தினான், முகமெல்லாம் சிவந்து வியர்த்துக் கொட்டியது, கையில் மயிர் கூச்செறிந்து நின்றது. பிரஷர் பார்த்தால் 170. அவனுக்கு வழமையாக 100தான். நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இப்படி வரும் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள்: கீழே ஏதோ ஒன்று உடம்பை வருத்துகிறது, அதற்குக் கீழ் நரம்புகள் இரத்தக்குழாய்களை இறுக்குகின்றன, அதை அடக்கச் சொல்லும் மூளையின் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை, அதனால் பிரஷர் தாறுமாறாக ஏறுகிறது. நிமிர்த்தி இருத்தினோம், சாரத்தைத் தளர்த்தினோம், குழாயைப் பார்த்தால் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. நேராக்கியதும் பை நிறைந்தது, சில நிமிடத்தில் முகம் தெளிந்தது. பிரஷர் இறங்கியிராவிட்டால் மூளையில் இரத்தம் கசிந்திருக்கலாம். இதைப் பற்றித் தெரியாத இடத்துக்குப் போக நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று இப்போது அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. எப்போதும் போட்டிருந்த அந்தக் குழாயும் போய்விட்டது. நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானே சுத்தமாக ஒரு குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே கழற்றி விடுகிறான். மலம் போவதும் நேரத்துக்குத்தான், காலைத் தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலத்துக்குள். வயிற்றில் ஏதாவது விழுந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பழக்கப்படுத்த வேண்டும்.

கொழும்பின் வெயிலும் ஒரு பிரச்சினை. காயத்துக்குக் கீழே அவனுக்கு வியர்க்காது, அதனால் உடம்பு தன்னைத்தானே குளிராக்க முடியாது. கரண்ட் போனால் முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்து ஈரத் துவாயைத் தோளில் போட்டுவிடுவோம்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடியை விட்டுவிட்டோம், லிஃப்ட் இல்லாத கட்டடம், வேறு வழியில்லை. கொட்டாஞ்சேனையில் நிலத்தோடு ஒரு வீடு கிடைத்தது. வாசல் படி ஆறு அங்குலம்தான், ஆனால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சரிவு வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் அந்தச் சின்னப் படிக்கே ஆறு அடி நீளம் வருகிறது, ஒழுங்கைக்குள் நீட்ட வேண்டியதாயிற்று. மேசன் பாஸ் முதலில் செங்குத்தாகப் போட்டுவிட்டு "தள்ளினால் ஏறும்தானே" என்றார். "என்னை ஒருத்தர் தள்ளத் தேவையில்லாமல் ஏற வேணும் பாஸ்" என்று தம்பி சொன்னதும் ஒன்றும் பேசாமல் உடைத்துத் திரும்பப் போட்டார், அதற்குக் கூலியும் வாங்கவில்லை. குளியலறைக் கதவு 24 அங்குலம், நாற்காலி 26. நிலையையே கழற்றித் திரை போட்டோம்.

வீட்டைத் தாண்டினால் நகரம். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு ரயிலில் போனால் செலவு குறைவு, ஆனால் பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் அவனை இரண்டு பேர் தூக்க வேண்டும், அதனால் வான் பிடிக்கிறோம். பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொதுக் கட்டடங்களில் இப்படிப்பட்டவர்கள் போகவர வசதி வேண்டும் என்ற விதி 2006இலேயே வந்துவிட்டது. அஜித் பெரேரா என்று ஒரு கிரிக்கெட் நடுவர் இருந்தார், 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து அவருக்கும் முள்ளந்தண்டுதான் அடிபட்டது. அவர் உயர் நீதிமன்றம் வரை போய் 2011இல் புதுப் பொதுக் கட்டடங்களில் அந்த வசதி இருக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். அந்த மனுசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்திருக்காவிட்டால் இருக்கிற கொஞ்சச் சரிவும் இருந்திராது என்று நினைக்கிறேன். சரிவுப் பாதைக்குக் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மாதங்கள். கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். நாங்கள் நாலு பேர் அவனைச் சுற்றி நின்று, எப்போது புரட்டுவது, என்ன கொடுப்பது, யார் வந்தால் உள்ளே விடுவது என்று அவன் தலைக்கு மேலாலேயே கதைத்துக்கொண்டிருந்தோம். ராகமவில் ஒரு கிளினிக் நாளில்தான் அது மாறியது. வன்னியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், 2009இல் போரில் செல் துண்டு பட்டவர், அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். மாங்குளத்தில் உயிரிழை என்று முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே நடத்துகிற அமைப்பு இருக்கிறதே, அதைப் பற்றியும் சொன்னார். அவர் தம்பியைப் பார்த்து முதலில் கேட்டது: "உங்களை யார் புரட்டுறது, எத்தனை மணிக்கு?" தம்பிக்குத் தெரியவில்லை, மனைவியைப் பார்த்தான். "அதை நீங்கள்தான் சொல்ல வேணும். அவையளுக்குக் கை இருக்கு, ஆனா உடம்பு உங்கடை" என்றார். அப்புறம் ஒரு பலகையில் வழுக்கி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறிக் காட்டினார், யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சிஆர் கொப்பி ஒன்று கேட்டான். குளிசை, குழாய், புரட்டுகிற நேரம், தண்ணீர் அளவு எல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கிறது, நாங்கள் அவனிடம்தான் கேட்கிறோம். தச்சரிடம் அந்தப் பலகையையும் செய்வித்தோம். கொண்டுவந்ததும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அரத்தாள் வாங்கிவரச் சொல்லி, தானே இருந்து தேய்த்தான். முதலில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற அரை மணித்தியாலம் எடுத்தது. அம்மா ஒவ்வொரு முறையும் ஓடிவருவார், நான் அவரை மெதுவாகக் குசினிக்குக் கூட்டிப்போவேன். பக்கத்தில் நிற்க வேண்டும், கூப்பிட்டால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஆனால் கூப்பிடும் வரை கையை நீட்டாமல். தூக்குவதை விட இது கஷ்டம், மச்சான், ஆனால் பெரியம்மாவுக்கு அவன் பிடிப்பை விளக்கியபோது எனக்கு வந்த நிம்மதி இதனால்தான். அவன் உடம்பைப் பற்றி அவனே சொல்கிற ஆளாகிவிட்டான்.

இப்போது ஒழுங்கைச் சனம் ஃபேன், கிரைண்டர், ரைஸ் குக்கர் எல்லாம் அவனிடம் திருத்தக் கொண்டுவருகிறார்கள். மோட்டார் வைண்டிங் கை வேலைதானே, அது அவனுக்கு முதலே தெரியும். சோல்டரிங் அயனை மட்டும் மடியில் வைக்காமல் மேசையில் பூட்டிய ஸ்டாண்டிலேயே வைக்கிறான், தொடை சுட்டால் தெரியாது என்பதால். காசு இன்னும் பெரிதாக வரவில்லை. மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

நீ சக்கர நாற்காலி அனுப்புவதாக எழுதியிருந்தாய். அளவு எடுக்காமல் வேண்டாம், இருக்கை அகலமானால் சரிந்து முதுகு வளையும், ஒடுக்கமானால் இடுப்பில் உரசிப் புண் வரும். அதை விட, காற்று அறைகள் வைத்த நல்ல குஷன் ஒன்று கிடைத்தால் பெரிய உதவி, இங்கே விலை கட்டாது. அளவை அவனிடமே கேள், என்னிடம் கேட்காதே. எங்களுக்கு இரவு எட்டு மணி உனக்குக் காலை ஒன்பதரை, அந்த நேரம் அவன் வேலை முடித்திருப்பான். உன் மகள் படிக்கப்போகிற கதையையும் கேட்க ஆசைப்படுகிறான், ஞாயிற்றுக்கிழமை எடு.

அன்புடன்
உன் நண்பன்