தோட்டத்து மயானத்தையும் அதிலுள்ள போர் விமானியின் கல்லறையையும் சேர்த்தே பாதுகாக்கக் கோரும் மனு

2025.06.16

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
ஹப்புத்தளை.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவு மயானத்தின் தெற்கு ஓரத்தில் பெக்கோ இயந்திரம் மண் வெட்டத் தொடங்கியிருக்கிறது. மலைவிளிம்பில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று அமையவிருக்கும் காட்சித் தளத்துக்கு அந்த வழியாக வாகனப் பாதை போகிறதாம். பாதையே வேண்டாம் என்பது எங்கள் கட்சி அல்ல. பயணிகள் வந்தால் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். ஆனால் பாதையை இருபது அடி மேலே தள்ளிப் போட இடமிருக்கும்போது மயானத்தை வெட்டிக்கொண்டுதான் போக வேண்டுமா என்பதே கேள்வி.

கம்பனித் தரப்பில் பேச வந்தவர்கள் ஒரு சமரசம் சொன்னார்கள். மயானத்தில் எழுத்துப் பொறித்த கல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது யுத்தகாலத்தில் போர் விமானம் ஓட்டிய வெள்ளைக்காரத் துரையுடையது. அதை மட்டும் பக்குவமாகப் பெயர்த்து நகரத்தில் ஒரு தேவாலய வளவில் நிறுத்திவிடலாம். மற்றதெல்லாம் மண்மேடுகள்தானே என்றார்கள். அந்த மண்மேடுகளில் ஒன்று என் தாயாருடையது. அதற்கு அடுத்தது துரையுடையது. இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அகலம்கூட இல்லை.

துரையின் பெயரையும் பிறந்த ஊரையும் கல்லில் உள்ளபடியே இணைப்பில் தந்திருக்கிறோம். தோட்டத்தில் யாரும் அவரை அந்தப் பெயரால் அறிந்ததில்லை. ‘கைவெந்த துரை’ என்றால் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தெரியும். இரண்டு கைகளிலும் விரல்களின் மேல்தோல் வழுவழுவென்று இழுபட்டுப் பளபளக்கும். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. பங்களாவில் தோட்டக்காரராக இருந்த என் தகப்பனார்தான் காலையில் அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடுவார்.

அந்தக் கை வெந்த கதையைத் தாங்கள் அறிந்தால்தான் இந்த மனுவின் நியாயம் விளங்கும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானிய அட்மிரல் நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே வந்திருந்தார். கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் முதல்நாளே அந்தக் கப்பல்களைக் கண்டு கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். இவ்வளவு எச்சரிக்கை கிடைத்தும், மறுநாள் காலை இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில் நிற்கையிலேயே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்திருந்த ஓடுபாதை மட்டும் எதிரிக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கிருந்து 14 ஹரிக்கேன்கள் எழும்பின. 9 வீழ்ந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அதே கதி. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது.

ஹரிக்கேனில் பெட்ரோல் தொட்டிகளில் ஒன்று விமானியின் எதிரிலேயே, கருவிப் பலகைக்கு அப்பால் இருக்கும். அதில் குண்டு பட்டால் தீ நேரே கைக்கும் முகத்துக்கும் வரும். கொழும்பின் மேல் அன்று பறந்தவர்களில் எங்கள் துரையும் ஒருவர். காயம் ஓரளவு ஆறியதும் படையினர் ஓய்வெடுத்த தியத்தலாவை முகாமுக்கு அனுப்பப்பட்டார். மலைநாட்டை அவர் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். யுத்தம் முடிந்து சொந்த ஊருக்குப் போனவர், 1947இல் எங்கள் தோட்டத்துக்குச் சின்ன துரையாக, அதாவது உதவி முகாமையாளராக, வந்து சேர்ந்தார். பிறகு தோட்டத்தை நடத்தும் பெரிய துரையானார்.

அவரைப் புனிதராக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்தி வந்தவர்களுக்கு அவரும் அரைநாள் கூலியான அரைப்பேர்தான் போட்டார். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியபோது அவர் வாய் திறந்ததாக எங்கள் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை. ஆனால் கைநீட்டி ஆளை அடித்ததில்லை; தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்குப் பால் வரத் தாமதமானால் தானே ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) இறங்கிப் போய்ச் சத்தம் போடுவார். யுத்தத்தைப் பற்றி மற்றத் துரைமாரிடம் பேசுவதைத் தவிர்த்தவர், என் தகப்பனாரிடம் மட்டும் தோட்டத் தமிழில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். மயானத்து மலைவிளிம்பில் நின்றால், மூட்டமில்லாத நாளில் தெற்கே தாழ்நிலத்துக்கு அப்பால் கடல் தெரியும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கைத்தடியை அந்தப் பக்கம் நீட்டி, “முனுசாமி, அங்கயிருந்துதான் வந்தான்” என்பாராம். என் தகப்பனார் பெயர் முனுசாமி அல்ல. அவருக்கு முன்பிருந்த தோட்டக்காரர் பெயர் அது. துரை கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தபின் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். இவர் போகவில்லை. 1973 ஜூலையில், காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கும் நாளொன்றில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையைப் பார்க்கப் போனவர் பாதையோரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோட்ட லொறியில் ஏற்றுவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. ஸ்டோர் தச்சர் சவுக்குப் பலகையில் பெட்டி செய்தார். ஆள் நெடியவர், நீளம் போதாமல், கால்மாட்டுப் பலகையைக் கழற்றி மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுத்தியல் சத்தத்தை லயத்து வாசலில் நின்று நான் கேட்டிருக்கிறேன். அரிசியும் மாவும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. வீட்டில் வேறு எதுவும் சத்தமில்லை.

தொழிலாளர் மயானத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். தப்படிக்க வேண்டாம், துரைசாணிக்கு (துரையின் மனைவிக்கு) ஒரு மாதிரியாக இருக்கும் என்று பெரிய கிளாக்கர் தடுத்தாராம். அடிக்கட்டும் என்றாராம் துரைசாணி. நகரத்திலிருந்து வந்த பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் தப்பு முழங்கத்தான் பெட்டி இறங்கியது. பல மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ரயிலில் ஹப்புத்தளை நிலையத்துக்குக் கல் வந்தது. அதன் உச்சியில் விமானப் படையின் இறக்கைச் சின்னம் செதுக்கியிருக்கும். கடந்த மாதம் வெட்டிய மண் சரிந்ததில் இடப்பக்க இறக்கை உடைந்து விழுந்துவிட்டது. துண்டை எடுத்து வாசிகசாலையில் வைத்திருக்கிறோம்.

இந்தக் கல்லறை எவருடைய பொறுப்பு என்று கேட்டுப் போன இடமெல்லாம் கைவிரித்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்டியிலுள்ள யுத்த மயானத்தை எவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பராமரிக்கும் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பொறுப்பு 1947 டிசம்பர் 31 வரை இறந்த படையினரோடு முடிந்துவிடுகிறது. எங்கள் துரை 1973இல் இறந்தவர். தொல்பொருள் என்று சொல்லவோ கல்லுக்கு வயது போதாது. 1975இல் தோட்டம் அரசுடைமையானது, 1990களில் கம்பனியிடம் போனது. கைமாறிய ஒவ்வொரு தடவையும் தேயிலை மலைக்கும் ஸ்டோருக்கும் கணக்கு எழுதினார்கள், மயானத்துக்கு எழுதவில்லை. இன்று நில அளவை வரைபடத்தில் அந்த இடம் ‘தரிசு’ என்று கிடக்கிறது.

எஞ்சியிருப்பது தங்கள் அலுவலகமும் பிரதேச சபையும்தான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டப் பகுதி மக்களுக்கும் பிரதேச சபை தன் நிதியிலிருந்து வேலை செய்ய வழி பிறந்திருக்கிறது. தோட்டத்துக்குள் சபை நுழைய முடியாது என்ற பழைய பதிலை இனி யாரும் எங்களுக்குச் சொல்ல முடியாது.

எனவே, கிராம உத்தியோகத்தரையும் நில அளவையாளரையும் அனுப்பி மயானத்தின் நான்கு எல்லைகளையும் அளந்து கல் நட்டு, அதை வரைபடத்தில் மயானம் என்றே பதியச் செய்யுமாறு முதற்கண் வேண்டுகிறோம். அளவை முடியும்வரை மண் வெட்டுவதை நிறுத்திவைக்கத் தாங்கள் எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும். வாய்ச்சொல்லை பெக்கோ சாரதி கேட்பதில்லை, அவருக்கு நாள் கூலி. பாதையை மேற்பக்கமாகத் திருப்புவது பற்றிக் கம்பனியும் பிரதேச சபையும் நாங்களும் ஒரே மேசையில் பேச ஒரு கூட்டத்தைக் கூட்டித் தாருங்கள். உடைந்த கல்லை ஒட்டுவதற்கும் வேலி அடைப்பதற்கும் தேவையான உழைப்பைச் சிரமதானமாக நாங்களே தருகிறோம். சீமெந்தும் கம்பியும் மட்டும் சபை தந்தால் போதும். அங்கே நிறுத்தும் பலகையில் விமானியின் வரலாற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத வேண்டும். அதே பலகையில், அந்த மண்ணில் புதைக்கப்பட்டவர்களில் எங்களுக்கு நினைவிருக்கும் எல்லோருடைய பெயரும் இடம்பெற வேண்டும். பட்டியலைத் தயாரித்து வைத்திருக்கிறோம்.

துரையின் கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு போகும் யோசனைக்கு மேற்பிரிவு மக்கள் ஒருவரும் இணங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். ஆடிக் காற்றோடு மழையும் இறங்கினால் வெட்டிய சரிவு மேலும் கழன்றுவிடும். ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் தாங்கள் நேரில் வந்து பார்வையிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். ஸ்டோர்வரை ஜீப் வரும். அதற்கு மேல் நடைதான். முன்கூட்டித் தெரிவித்தால் வழிகாட்ட ஆள் நிறுத்துகிறோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
மேற்பிரிவு மக்கள் சார்பில்,
செயலாளர் (ஓய்வுபெற்ற ஆசிரியர்),
தோட்ட வாசிகசாலைக் குழு

இணைப்பு: கல்லறை வாசகத்தின் பிரதி, புகைப்படங்கள், புதைக்கப்பட்டோர் பெயர்ப் பட்டியல், மக்கள் கையொப்பம்.

பிரதிகள்: தவிசாளர், பிரதேச சபை, கிராம உத்தியோகத்தர், தோட்ட முகாமையாளர்.