புதிய ஆசிரியர்களைத் தனியே விடலாகாது

ஆசிரியர் அவர்கட்கு,

கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறும் இளம் ஆசிரியர்களுட் பலர் நியமனக் கடிதத்துடன் வன்னியின் தொலைவான பாடசாலைகளுக்கும் தீவகத்துக்கும் செல்கின்றனர். கற்பிக்கும் முறைகளை நன்கு பயின்றிருந்தாலும், தம் சேவை உரிமைகளைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் முதல் நியமனத்தின்போது கடமையேற்புக் கடிதத்தின் பிரதியை வைத்திருக்காததால், சுயவிபரக் கோவை ஒரு பணிமனையில் தவறியபோது, சம்பள ஏற்றத்துக்காகப் பல மாதங்கள் அலைய நேர்ந்தது. இறுதியில் என்னுடன் பணிமனைக்கு வந்து எனக்காகப் பேசியவர் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் சங்கப் பிரதிநிதியே. ஆகவே, ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி எடுத்துத் தனிக்கோவையில் வையுங்கள். தகுதிகாண் காலமாகிய 3 ஆண்டுகளுக்குள், பணித்திறனை அறிவதற்கான வினைத்திறன்காண் தடைதாண்டலை முடித்துவிடுங்கள். நிரந்தரமாக்கலைக் கோரும் விண்ணப்பத்தை அதிபர் வழியாக உரிய காலத்தில் அனுப்புங்கள். விளக்கம் கோரிக் கடிதம் வந்தால், அன்றைய கோபத்தில் பதில் எழுதாமல், முதலில் சங்கத்திடம் காட்டுங்கள். எந்தச் சங்கம் என்பது அவரவர் விருப்பம். சேராமலிருப்பதுதான் தவறு என்பேன்.

2021இல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து 100 நாள்களுக்கு மேலாக விலகிநின்று ஆசிரியர், அதிபர் சங்கங்கள் நடத்திய போராட்டத்தின் பின்னரே, நீண்டகாலச் சம்பள முரண்பாட்டுக்கு ஓரளவாவது தீர்வு கிட்டியது. அதன் பயன் இன்று நியமனம் பெறுவோருக்கும் உரியது.

ஆசிரியர் சங்கங்கள் கல்வி வலயந்தோறும் புதியவர்களுக்கென ஒரு நாள் வழிகாட்டற் கூட்டத்தை நடத்த முன்வர வேண்டுமென வேண்டுகின்றேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
யாழ்ப்பாணம்.