ரஃப் கட் படம் இல்லை, பாப்பா

வடபழனி,
ஞாயிறு காலை

பாப்பா,

புதன்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் இரண்டு நிமிடம் பேசி, “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாயாம். நிஜமாகவே நல்லா இருந்தால் அந்த ஒரு வரியோடு நிறுத்துகிற ஆளா நீ? உன் படத்தின் ரஃப் கட்டைப் போட்டுக் காட்டிய ஷோவில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ராஜி கல்யாணம் தை கடைசியில் முடிவாகியிருக்கிறது. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி ஒழுகல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அதையெல்லாம் பிறகு விவரமாக எழுதுகிறேன். இன்றைக்கு எடிட்டிங் டேபிளைப் பற்றி மட்டும்.

ரஃப் கட் என்பது எடுத்ததையெல்லாம் ஸ்கிரிப்ட் வரிசையில் அடுக்கி வைத்தது, அவ்வளவுதான். டப்பிங் ஆகியிருக்காது, ஷூட்டிங்கில் பதிவான பைலட் ட்ராக்கில் ஜெனரேட்டர் இரையும். எஃபெக்ட்ஸ் இல்லை, பின்னணி இசை சேர்க்கிற ரீ-ரெக்கார்டிங் இல்லை. நிறத்தைச் சமன்செய்கிற டி.ஐ. ஆகாததால் ஒரே ஸீனில் ஒரு ஷாட் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் நிற்கும். அதைப் பார்த்தவர்கள் வாயே திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவது கோடம்பாக்கத்தில் காலம் காலமாக நடப்பது. அதற்காக டேபிளை விட்டு எழுந்து வந்துவிடக் கூடாது.

ஸ்பீல்பெர்க் இயக்கிய சுறா படம் ‘ஜாஸ்’, அதை எடுத்துக்கொள். 1974-இல் மார்தாஸ் வின்யார்டு தீவில் ஷூட்டிங். ஸ்பீல்பெர்குக்கு 27 வயது. 55 நாளில் முடியவேண்டியது 159 நாள் இழுத்தது. சுமார் 40 லட்சம் டாலர் பட்ஜெட் 90 லட்சத்துக்கு ஏறியது. எல்லாம் சுறாவால். செய்து வைத்த இயந்திரச் சுறாக்களைக் கடல் தண்ணீரில் சோதித்துப் பார்க்காமலே கொண்டுவந்து இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய் இயந்திரம் அடிக்கடி படுத்துவிட்டது. இந்தப் படம் தேறாது என்றுதான் யூனிட்டே பேசியது.

சுறா இல்லாமலே சுறா ஸீன் எடுக்கவேண்டிய கட்டாயம் வந்தது. தண்ணீர் மட்டத்தில் கேமரா, விறுவிறு என்று இழுபட்டுப் போகும் மஞ்சள் பீப்பாய், ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரம். படம் ஓடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் சுறாவின் தலை ஒழுங்காகக் கண்ணில் படும். டேபிளில் உட்கார்ந்த எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ். அந்தச் சுறா 36 ஃப்ரேம் வரை உயிரோடு இருந்தது, 38 ஃப்ரேம் ஆனால் பொம்மை என்று தெரிந்துவிட்டது என்ற அர்த்தத்தில் ஸ்பீல்பெர்கே சொல்லியிருக்கிறார். வினாடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு ஃப்ரேம் என்றால் ஒரு வினாடியில் 12-இல் ஒரு பங்கு! பிரிவியூ போட்டுப் பார்த்த பிறகும் அவர்கள் விடவில்லை. வெர்னா வீட்டு நீச்சல் குளத்தில் பால் பவுடரைக் கரைத்துத் தண்ணீரைக் கலங்கலாக்கி, படகின் ஓட்டை வழியாகப் பிணத்தின் தலை எட்டிப் பார்க்கிற ஷாட்டை எடுத்துச் சேர்த்தார்கள். தியேட்டர் அலறுகிற இடங்களில் அதுவும் ஒன்று. எடிட்டிங்குக்கு வெர்னாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

உன் படத்தில் வெள்ள ஸீனுக்குக் கம்ப்யூட்டரில் செய்த சி.ஜி. சரியாக வரவில்லை என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். அந்த ஷாட் எத்தனை ஃப்ரேம் நிற்கிறது என்று முதலில் எண்ணு. 24 ஃப்ரேமுக்குள் வைத்துப் பார். பிறகு எடுத்தே விட்டுப் பார். கட்டில் காலில் ஏறுகிற தண்ணீர், மிதந்து போகிற செருப்பு, தொழுவத்தில் மாடு கத்துகிற சத்தம், கிழவி முகம். இது நாலும் உன்னிடம் இருக்கிறது, நீ எழுதிய ஸீனிலேயே படித்தேன். வெள்ளம் வந்துவிட்டது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். நான்கு வினாடி முன்னதாகவே தண்ணீர்ச் சத்தத்தை முந்தின ஸீன் மேல் ஓவர்லேப் செய்.

இனி வேலையை வரிசையாகச் சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார், வெறும் வயிற்றில் கட் பண்ணினால் எல்லாமே நீளமாகத் தெரியும்.

முதலில் நாலைந்து நாள் படத்தைத் தொடாதே. தொடாதே என்றால் மூடி வை என்று அர்த்தம், அறையைக் காலி செய்துவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பு என்று அர்த்தமில்லை. அந்த நாட்களில் ஸீனுக்கு ஒரு அட்டை எழுது. இந்த ஸீனில் பார்க்கிறவனுக்குப் புதிதாக என்ன தெரிகிறது என்று ஒரே வரி. ஸீனில் என்ன நடக்கிறது என்று எழுதாதே, எல்லோரும் அதைத்தான் எழுதிவைத்துக் குழம்புவார்கள். சுவரில் ஒட்டிப் பார். இரண்டு அட்டையில் ஒரே வரி இருந்தால் ஒரு ஸீன் போகவேண்டும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இரண்டையும் தனித்தனியாகத் தூக்கிப் பார்த்து, எது இல்லாமல் கதை தடுக்குகிறதோ அதை வைத்துக்கொள். எந்த வரியும் எழுத வராத அட்டை இருந்தால் யோசிக்காமல் எடு, எவ்வளவு செலவு செய்து எடுத்திருந்தாலும் சரி.

அப்புறம் ஒவ்வொரு ஸீனின் தலையும் வாலும். கதவு திறப்பது, வா உட்கார் என்பது, டீ வைப்பது, பேசி முடித்து எழுந்து போவது. இதில் பாதிக்கு மேல் தேவைப்படாது. 110 ஸீன் இருக்கிற படத்தில் ஸீனுக்கு 6 வினாடி எடுத்தால் 11 நிமிடம் குறையும், கதையில் ஒரு நூல் அறுந்திருக்காது. படம் லேக் அடிக்கிறது, இழுக்கிறது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த 11 நிமிடத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று. லேக் என்று சொல்கிற இடத்திலேயே கத்தரியை வைக்காதே. 50-ஆவது நிமிடத்தில் ஆள் நெளிகிறான் என்றால், 20-ஆவது நிமிடத்தில் அவனுக்குத் தெரியவேண்டிய ஏதோ ஒன்று தெரியாமல் போயிருக்கும். அங்கே ஒரு குளோஸ்-அப்போ ஒரு வரி வசனமோ சேர்த்தால் 50-ஆவது நிமிடம் தானாகச் சரியாகும். நீளம் கூட்டியதால் வேகம் பிடித்த ஸீன்கள் நிறைய உண்டு.

வசனம் சேர்க்கப் புது ஷூட்டிங் வேண்டாம். முதுகு காட்டி நடக்கிற ஷாட், லாங் ஷாட், எதிராளி முகம் தெரிகிற சஜஷன் ஷாட், இதில் எங்கே வேண்டுமானாலும் டப்பிங்கில் வரியை வைக்கலாம். ‘காஸாபிளாங்கா’ 1942-இல் எடுக்கும்போது ஸ்கிரிப்ட் முடியவே இல்லை. கடைசியில் யாரோடு போகப்போகிறோம் என்று தெரியாமலே இங்ரிட் பெர்க்மன் நடித்தார். கடைசி ஷாட்டில் இரண்டு பேர் பனிமூட்டத்துக்குள் முதுகு காட்டி நடந்து போவார்களே, அதன் மேல் வருகிற அந்தப் பிரபலமான வசனம் ஷூட்டிங் முடிந்த பிறகு தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதி, ஹீரோ போகார்ட்டைக் கூப்பிட்டு டப் செய்தது. அந்தப் படத்துக்கு ஆஸ்கரில் சிறந்த படம் விருது. ‘ஆனி ஹால்’ கதை இன்னும் பெரிது. முதல் கட் ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம், யாருக்கும் பிடிபடவில்லை. எடிட்டர் ரால்ஃப் ரோசன்ப்ளம் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் காதலை மட்டும் முதுகெலும்பாக வைத்து 93 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கும் சிறந்த படம் விருது. எழுந்து போயிருந்தால் அந்தப் படம் இல்லை.

விட்டுப்போன ஷாட்களை எடுக்கிற பேட்ச் ஒர்க் பட்டியலை இப்போதே போடு. நடிகர்கள் தேவைப்படாத ஷாட்களைத் தனியாகப் பிரி. கை, கடிதம், பூட்டு, ஜன்னல், காலி வீடு இவையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். நடிகர் வேண்டிய ஷாட்டுக்குத் தாடி, தலைமுடி, துணி, வெயில் வந்த பக்கம் நாலையும் பழைய ஷாட்டை ஃபோனில் வைத்துக்கொண்டு சரிபார். முடி பொருந்தாவிட்டால் தலைக்குப் பின்னாலிருந்து எடுக்காதே, தோளுக்குக் கீழே ஃப்ரேம் வை. அறையில் எடுக்கும்போது எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அறையின் வெறும் சத்தத்தை, ரூம் டோனை, அரை நிமிடம் எடுத்துக்கொள். அதை மறந்தால் மிக்ஸிங்கில் ஒவ்வொரு கட்டும் காதில் தெரியும்.

டெம்ப் மியூசிக் வைக்காமல் ஒருமுறை முழுப் படத்தையும் பார். வேறு ஹிட் படத்து பி.ஜி.எம்.மை வைத்துப் பார்த்துப் பழகினால் சுமாரான ஸீனும் நல்லதாகத் தெரியும். பிறகு மியூசிக் டைரக்டர் எதைப் போட்டாலும் உனக்குப் பிடிக்காது. காய்ந்து கிடக்கிற நிலையில் நிற்கிற ஸீன்தான் நிற்கும்.

அடுத்த ஷோவுக்கு சினிமாக்காரர்களை அழைக்காதே. கதை தெரியாத எட்டுப் பத்துப் பேர் போதும். நல்லா இருக்கா என்று கேட்காதே. எங்கே புரியவில்லை, எங்கே ஃபோனை எடுத்தீர்கள், படத்தில் வருகிற அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், இந்த மூன்றையும் தாளில் எழுதித் தரச் சொல். நீ திரையைப் பார்க்காதே, பக்கவாட்டில் உட்கார்ந்து ஆட்களைப் பார். நாற்காலி கிறீச்சிடுகிற நேரத்தையெல்லாம் படம் ஓடுகிற நேரத்தைக் காட்டும் டைம்கோடோடு குறி. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், அதை விட்டுவிட்டு வலிக்கிற இடத்தை மட்டும் எழுதிக்கொள்.

‘முள்ளும் மலரும்’ பற்றி உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன். வசனமே இல்லையே, இந்தப் படம் எப்படி ஓடும் என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் நொந்துபோனதை டைரக்டர் மகேந்திரனே சொல்லியிருக்கிறார். மிச்சமிருந்த பாட்டுக்கு அவர் பணம் தர மறுத்தபோது, கமல்ஹாசன் உதவிதான் ‘செந்தாழம் பூவில்’ எடுக்க வைத்தது. 1978 ஆகஸ்ட் 15-இல் வெளியாகி ஆரம்ப வாரங்களில் கூட்டம் இல்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி நூறு நாள் ஓடியது. எந்த மௌனத்தைக் குறையாகச் சொன்னார்களோ அதுதான் இன்றைக்கும் நிற்கிறது. ‘16 வயதினிலே’வை வாங்க ஆள் வராமல் தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். அதில் ஸ்லோ மோஷனுக்குக் கேமரா வாடகை எடுக்கக் காசில்லாமல் ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடவைத்து எடுத்தார்கள். ‘சேது’ 1999 டிசம்பரில் நூன் ஷோவில் தொடங்கி மேலே வந்த படம். இவர்கள் யாருக்கும் ஆரம்பம் சுலபமாக இல்லை.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் போடுகிற இரண்டாவது கட் பெரும்பாலும் முதலாவதை விட மோசமாக வரும். வேகம் வேகம் என்று பதிலுக்கு முன்னால் இருக்கிற மூச்சையெல்லாம் எடுத்துவிடுவோம். அப்புறம் ஆட்கள் பேசுவார்கள், யாரும் யோசிக்க மாட்டார்கள். கேள்வி கேட்டதற்கும் பதிலுக்கும் நடுவே 10, 12 ஃப்ரேமாவது விட்டு வை. அதனால் பழைய வெர்ஷனை அழிக்காதே. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, என்ன மாற்றினாய் என்று அந்தப் பச்சை நோட்டில் எழுது. டிஸ்க் இரண்டு காப்பி, இரண்டும் வேறு வேறு இடத்தில். ஒன்று உன்னிடமே இருக்கட்டும். வேறு யாரோ ஒருவர் உட்கார்ந்து முடித்துத் தரட்டும் என்று யாராவது சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதே. படத்தில் எந்த டேக் எங்கே கிடக்கிறது என்று உனக்குத் தெரிகிற அளவுக்கு இன்னொருத்தருக்குத் தெரியாது.

உன் குறும்படத்தில் பாட்டி கதவைச் சாத்திய பிறகு மூன்று வினாடி கதவையே காட்டினாயே, அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் இருந்திருந்தால் வெட்டச் சொல்லியிருப்பேன், அந்த மூன்று வினாடியில்தான் பக்கத்து ஸீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். அவ்வளவு கை இருக்கிறவள், ஒரு ஷோ சரியாகப் போகவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு போன் போடக் கூடாதா? அம்மா ராத்திரி தூங்குவதில்லை. நானும்தான்.

வியாழக்கிழமை பஸ்ஸில் பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் வருகிறது, டிரைவர் நம்பரை அம்மா அனுப்புவாள். சாப்பிடு. ரீல் 2-ஐ மட்டும் எனக்கு அனுப்பு, சின்ன ஃபைலாகப் போதும், மியூசிக் எதுவும் வைக்காதே, டைம்கோடு மேலே தெரிகிற மாதிரி எடு. இரண்டு நாளில் ஸீன் வாரியாக எழுதி அனுப்புகிறேன். பேச விருப்பமில்லை என்றால் பேசவேண்டாம், ரீலை மட்டும் அனுப்பு.

அப்பா