சர்வரைப் புதுப்பிக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் சர்வரின் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. "உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்று சர்வரை வாடகைக்குத் தந்தவர்கள் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். மாறத்தான் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சர்வரில் கணக்கு வழக்குகளை வைத்திருப்பது ஆபத்து. ஆனால் எந்தப் பதிப்புக்கு மாறுவது என்பதை உங்கள் பில், சரக்கிருப்பு, லெட்ஜர் எல்லாம் ஓடுகிற ஓடூ மென்பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களில் பலர் ஓடூ 16 வைத்திருக்கிறீர்கள். அது பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓடுகிறது. தரவெல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. உபுண்டு 20.04-உடன் வருபவை பைத்தான் 3.8, போஸ்ட்கிரெஸ் 12. 22.04-இல் அவை 3.10, 14. 24.04-இல் 3.12, 16. இயங்குதளத்தை மாற்றினால் இவையும் கூடவே மாறிவிடும். பைத்தான் 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதை நம்பி எழுதிய பழைய பொதிகள் (ஓடூவுக்குத் தேவையான துணை நிரல்கள்) நிறுவும்போதே பிழை காட்டி நின்றுவிடும். ஓடூ 17-க்கோ, பைத்தான் 3.10-ஆவது இருந்தாக வேண்டும். 22.04-இல் உள்ள 3.10 இரண்டுக்கும் பொருந்தும். எனவேதான் ஓடூ 16-இல் இருப்பவர்களுக்கு 22.04-ஐப் பரிந்துரைக்கிறோம். 2027 வரை அதற்கு ஆதரவு உண்டு. "24.04 இருக்கும்போது ஏன் பழையதைத் தருகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

பிழை காட்டி நிற்பதையாவது அன்றே சரிசெய்துவிடலாம். ஒன்றும் காட்டாமல் ஓடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

இன்வாய்ஸை பி.டி.எஃப். ஆக்க ஓடூ 'டபிள்யூ.கே.எச்.டி.எம்.எல். டு பி.டி.எஃப்.' என்ற சிறிய நிரலைப் பயன்படுத்துகிறது. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே (அதன் சொந்த மென்பொருள் தொகுப்பிலிருந்தே) அதை நிறுவினால் இன்வாய்ஸ் வரும், தொகையும் சரியாக இருக்கும், திரையில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஆனால் தாளின் மேலே உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி இருக்காது. கீழே பக்க எண் இருக்காது. திருத்திய 'கியூடி' என்ற துணை நிரல் நூலகத்தோடு தொகுத்த 0.12.6 பதிப்புதான் இவற்றைச் சரியாகப் போடும். அதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

பேக்கப் விஷயம் இதைவிட மோசம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 16-க்குப் போய்விட்டது, பேக்கப் எடுக்கும் கணினியில் மட்டும் போஸ்ட்கிரெஸ் 14-இன் கருவி இருக்கிறது என்று வையுங்கள். தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து நகல் எடுக்க அந்தக் கருவி மறுத்துவிடும். ஆனாலும் பல ஸ்கிரிப்டுகளில் அன்றைய தேதியோடு ஒரு கோப்பு உருவாகியே தீரும். அதன் அளவு 0 பைட். பெயரை மட்டும் பார்ப்பவர்கள் பேக்கப் இருக்கிறது என்றே நினைப்பார்கள். தயவுசெய்து இன்றே உங்கள் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து கோப்புகளின் அளவைப் பாருங்கள்.

ஓடூ 17-க்கு மாற நினைப்பவர்கள் உங்களுக்கென்று எழுதித் தந்த மாட்யூல்களையும் (ஓடூவோடு சேர்க்கும் கூடுதல் பகுதிகளையும்) கணக்கில் கொள்ள வேண்டும். 16 வரை படிவங்களில் ஒரு கட்டத்தை மறைக்கவும் பூட்டவும் பயன்பட்ட 'அட்டர்ஸ்', 'ஸ்டேட்ஸ்' என்ற இரண்டும் 17-இல் இல்லை. அவை இருக்கும் படிவங்களை எல்லாம் திருத்தி எழுதாமல் அந்த மாட்யூல் ஏறாது. எங்கள் மதிப்பீட்டில் இந்த வேலைக்குத் தனித் தொகை காட்டுவது அதனால்தான்.

புதுப்பிக்க வேண்டியவர்கள் முதலில் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். ஓடும் சர்வரில் நாங்கள் கை வைப்பதில்லை. பக்கத்தில் புதிய சர்வர் எழுப்பி, உங்கள் தரவின் நகலை அதில் ஏற்றித் தருவோம். உங்கள் கணக்காளர் ஒரு பில் போட்டு, ஒரு ரசீது அச்செடுத்து, சென்ற மாத இருப்புநிலையை ஒப்பிட்டு, சரி என்று சொன்ன பிறகே மாற்றுவோம். பழைய சர்வரை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். அந்த வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டாம். மாதத்தின் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி தாக்கல் முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஏற்ற நாள்.

நடுவில் "புதிய பதிப்பு தயார், மாற்றவா?" என்று சர்வர் கேட்டால் "வேண்டாம்" என்று கொடுத்துவிட்டு எங்களை அழையுங்கள்.

அன்புடன்,
மென்பொருள் பராமரிப்புக் குழு,
கோயம்புத்தூர்