டாக்கிங் ஸ்டேஷன் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியைத் திரைகளோடும் பிற சாதனங்களோடும் ஒரே கேபிளில் இணைக்கும் தங்கள் டாக்கிங் ஸ்டேஷன்களின் (டாக்) பெட்டிகள் மேல் ‘இரண்டு 4கே திரைகள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். மடிக்கணினியிலிருந்து அந்தத் திரைகளுக்குப் படம் எந்த முறையில் போகிறது என்பதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது அதுதான் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

யூஎஸ்பி-சி என்பது போர்ட்டின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அதன் வழியே முற்றிலும் வேறுபட்ட முறைகளில் படம் செல்லலாம். டிஸ்ப்ளேபோர்ட் என்பது திரைக்குப் படம் அனுப்பும் தரநிலை. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் முறையில், கிராபிக்ஸ் சிப் உருவாக்கும் சிக்னலே நேராகக் கேபிளில் செல்வதால் தனி டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தேவையில்லை. ஆனால் கேபிளின் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டைப் பிற சாதனங்களின் தரவைக் கடத்தும் யூஎஸ்பி 3 எடுத்துக்கொண்டால், படத்துக்கு மீதி இரண்டே கிடைக்கும். மடிக்கணினி டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகம் வரை மட்டுமே தருமானால், அந்த இரண்டு தடங்களில் நொடிக்கு 8.64 ஜிகாபிட்தான் கிடைக்கும். முழு நிறத் தரத்தில் ஒரு 4கே திரையை 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை படம் புதுப்பிக்கும் வேகத்தில், இயக்க அது போதும், 60 ஹெர்ட்ஸுக்குப் போதாது. 30 ஹெர்ட்ஸில் மவுஸ் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்வது கண்ணுக்கே தெரியும். நாள் முழுவதும் திரையைப் பார்த்து வேலை செய்வோருக்கு இது சிறிய குறையன்று.

ஒரே இணைப்பை இரு திரைகளுக்குப் பிரிக்கும் எம்எஸ்டி முறை விண்டோஸில் நன்றாகவே இயங்குகிறது. ஆப்பிளின் மேக்ஓஎஸ் அதை ஏற்பதில்லை. அங்கே இரு வெளித்திரைகளிலும் ஒரே படம்தான் வரும். இந்த ஒரு வரியைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் எத்தனையோ பேர் பொருளைத் திருப்பி அனுப்ப நேர்ந்திராது.

அதே யூஎஸ்பி-சி வடிவப் போர்ட்டில் இயங்கும் வேகமான இணைப்பு முறைகளான தண்டர்போல்ட் 3, 4 ஆகியவை நொடிக்கு 40 ஜிகாபிட் வரை தருவதால் இந்த நெருக்கடி அங்கே பெரிதும் குறைகிறது. ஆயினும் கணினியின் எல்லையை எந்த டாக்காலும் தாண்ட முடியாது: அடிப்படை எம்1 சிப் கொண்ட மேக்புக்கில், எவ்வளவு விலையுயர்ந்த தண்டர்போல்ட் டாக்கைச் செருகினாலும், ஒரு வெளித்திரைதான் நேரடியாக இயங்கும்.

அந்த மேக்புக்குக்கும் இரண்டாம் திரையைத் தருவது டிஸ்ப்ளேலிங்க். கணினியிலுள்ள மென்பொருள் படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்ப, டாக்கிலுள்ள சிப் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. இதற்கு டிரைவர் வேண்டும், செயலிக்குச் சுமை கூடும். மேக்ஓஎஸ் திரைப்பதிவு அனுமதி கேட்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டுள்ள திரைப்படங்கள் ஓடாமல் போகலாம். விளையாட்டுக்கும் வீடியோ தொகுப்புக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடிதம், கணக்கு, மின்னஞ்சல் என்று செல்லும் அலுவலக வேலைக்கு இது தாராளமாகப் போதும். ஆகவே இதைப் பயன்படுத்துவதில் தங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை; சொல்லாமல் விற்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

எனவே, ஒவ்வொரு வீடியோ போர்ட்டும் எந்த முறையில் இயங்குகிறது என்பதைப் பெயரிட்டு அச்சிடுமாறும், யூஎஸ்பி 3 சாதனங்களும் இணைந்திருக்கும்போது கிடைக்கும் ஹெர்ட்ஸ் அளவைக் கணினியின் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்புவாரியாகக் குறிப்பிடுமாறும், மேக்ஓஎஸ், விண்டோஸ் இரண்டுக்கும் திரை எண்ணிக்கையைத் தனித்தனியே தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றை உள்ளே மடித்து வைக்கும் கையேட்டில் அன்றி, வாங்கும் முன்பே கண்ணில் படும்படி பெட்டியின் வெளிப்புறத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சாதனங்களைப் பயன்படுத்தும் ஒருவர்