ஹல்கன்பெர்க் பத்தி நீ கேட்டதுக்கு

மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் எழுத இன்னிக்குத்தான் நேரம் ஒழிஞ்சுது. பட்டறைல பம்புசெட் ஷாஃப்ட் ஆர்டர் ஒண்ணு தலைக்கு மேல ஓடிட்டு இருந்துச்சு, நேத்து ராத்திரிதான் கடைசி லோடு ஏத்தி அனுப்பினேன். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப கண்ணாடி இல்லாமயே பேப்பர் தலைப்பெல்லாம் சத்தமா படிச்சுக் காட்டறாங்க. பாப்பா பத்தாவது, அதனால டிவிக்கு வீட்ல தடை, ஞாயித்துக்கிழமை ரேஸ் மட்டும் ஃபோன்ல சவுண்ட் இல்லாம பாக்கறேன். அப்பாவுக்கு முழங்கால் வலின்னு எழுதிருந்தே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே நீ.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஃபார்முலா 1, அதான் எஃப்1 கார் ரேஸ் ஓட்டற ஜெர்மன்காரன் ஹல்கன்பெர்க்கைப் பத்தி "239வது ரேஸ்லதான் ஒரே ஒரு போடியம், அதாவது மொத மூணு இடத்துல ஒண்ணு, அவனுக்குப் பெரிய டீம் கிடைக்காதது நியாயம்தான்"னு போட்டிருந்தே பாரு, அதைப் படிச்சதும் அப்பவே ஃபோன் போட்டு உன்னைப் புடிபுடின்னு புடிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் வேண்டாம், உக்காந்து நிதானமா எழுதுவோம்னு விட்டுட்டேன். ஏன்னா மத்த எந்த டிரைவரைப் பத்தி நீ என்ன சொன்னாலும் நான் கேட்டுட்டுப் போயிடுவேன், ஹல்கன்பெர்க் விஷயத்துல மட்டும் என்னால முடியாது.

2025 ஜூலைல இங்கிலாந்து சில்வர்ஸ்டோன் ரேஸ் நீயும் பாத்தேல்ல? 19வது இடத்துல கிளம்பினான். மழை விட்டு விட்டுப் பெய்யுது, ஆளாளுக்கு டயர் மாத்தறதுல தடுமாறி, வழுக்கி வெளிய போறாங்க, இவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியான லாப்ல, அதான் சரியான சுத்துல, டயர் மாத்தற பிட்டுக்குள்ள வந்து போறான், கடைசில பாத்தா மூணாவது இடம், பின்னாடி ஹாமில்டன், ஃபெராரி கார், அவரோட சொந்த ஊர் கூட்டம். 2014லருந்து 2024 வரைக்கும் அந்த ட்ராக்ல ஒரு வருஷம்கூட போடியம் தவறாத ஆளு ஹாமில்டன். அந்த வரிசையை உடைச்சது யாரு, அதுக்கு முந்தின சீசன்ல கடைசி இடத்துல வந்த சாபர் டீம் கார்ல 37 வயசு ஹல்கன்பெர்க். மொத ரேஸ் 2010ல, மொத போடியம் 2025ல. கையில குடுத்த கப்பு லெகோ கட்டைல செஞ்சது, அந்த வருஷம் அங்க எல்லாருக்குமே அப்படித்தான், ஆனா அவன் அதைத் தூக்கிப் புடிச்சதைப் பாக்கறப்ப எனக்கு கண்ணு கலங்கிப்போச்சு மாப்ள, பொய் சொல்லல. பாப்பா வந்து என்னப்பா ஆச்சுன்னு கேட்டா.

இப்ப நீ சொன்ன கணக்குக்கு வா. எஃப்1க்கு ஒரு படி கீழ இருந்த ஜி.பி.2 ரேஸ்ல சாம்பியனாகி இவன் 2010ல வில்லியம்ஸ் டீமுக்கு வந்தான். அந்த வருஷம் பிரேசில்ல குவாலிஃபையிங், அதான் யார் எந்த இடத்துல கிளம்பறதுன்னு முடிவு பண்ற ஓட்டம், ட்ராக் காஞ்சும் காயாம இருக்கு, வில்லியம்ஸ் கார்ல இவன் மொத இடம் புடிக்கறான், அதுவும் எப்படி, ரெண்டாவது வந்த வெட்டலை விட ஒரு செகண்டுக்கு மேல வேகம். எஃப்1ல ஒரு செகண்டுன்னா அது ஒரு யுகம். அடுத்த சீசன் அவனுக்கு சீட் இல்ல! வெனிசுவேலா எண்ணெய் கம்பெனி பணத்தோட மால்டொனாடோ வந்தாரு, இவனை அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் ஃபோர்ஸ் இந்தியால டெஸ்ட் டிரைவரா நின்னுட்டு 2012ல திரும்ப வந்தான், அதே பிரேசில்ல அதே மழைல கிட்டத்தட்ட 30 லாப் முன்னாடி ஓடினான், அப்புறம் ஹாமில்டனை முந்தப் போய் மோதிட்டான், அஞ்சாவது இடம். அது அவன் தப்புதான், ஒத்துக்கறேன். 2019 ஹாக்கன்ஹெய்ம்ல, சொந்த நாட்டுல, நல்ல இடத்துல இருந்தவன் மழைல வழுக்கி சுவத்துல விட்டதும் அவன் தப்புதான். 2014லருந்து 2016 வரைக்கும் இவன்கூடவே ஓட்டின பெரெஸ் அதே ஃபோர்ஸ் இந்தியா கார்ல நாலு போடியம் எடுத்தாரே, இவன் ஏன் ஒண்ணுகூட எடுக்கலன்னு நீ கேப்பே, அந்தக் கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. பெரெஸ் டயரைப் பொத்திப் பொத்தி ஓட்டறதுல கெட்டிக்காரன், அந்த மாதிரி நாள்ல அவன் கையில ரேஸ் விழுந்துச்சு. ஆனா 2014ல பாயின்ட்ல இவன் 96, பெரெஸ் 59ங்கறதையும் சேத்துப் பாரு.

எனக்கு மனசு ஆறாதது 2013தான். சாபர் காரை வச்சுக்கிட்டு மோன்சால குவாலிஃபையிங்ல மூணாவது, கொரியால நாலாவது, பின்னாடி ஹாமில்டனும் அலோன்சோவும் முட்டிட்டு நிக்கறாங்க, வழியே விடல. அந்த வருஷம்தான் ஃபெராரிக்கு இவன் பேரு அடிபட்டுது, அவங்க ரைக்கோனெனைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. மெக்லாரன் மக்னுஸனை எடுத்தாங்க. 2014ல புது ஹைபிரிட் எஞ்சின் வந்துச்சுல்ல, பேட்டரி அது இதுன்னு காரே கனமாயிடுச்சு, காரும் டிரைவரும் சேத்துத்தான் எடை கணக்கு, அப்போ ஆறடிக்கு மேல உயரமா இருக்கறவன் ஏறினா பெரிய டீம்காரனுக்கு அதுவே உறுத்துது. பத்து கிலோ கூடினா லாப்புக்கு செகண்ட்ல பத்துல மூணு பங்கு போகும்னு அந்தத் தொழில்ல எல்லாரும் சொல்ற கணக்கு. 2019லதான் டிரைவருக்கும் சீட்டுக்கும் சேத்து 80 கிலோன்னு தனியா வச்சு அந்த அநியாயத்தை நிறுத்தினாங்க. உயரமாப் பொறந்ததுக்கு ஒருத்தன் தண்டனை அனுபவிச்சான், அதுக்கு என்ன சொல்லுவே நீ?

அப்புறம் 2016. இதை நெனச்சா எனக்குத் தூக்கமே வராது. அக்டோபர்ல இவன் ரெனால்ட்டுக்கு அடுத்த சீசன் போறேன்னு முடிவாயிடுச்சு. டிசம்பர் மொத வாரம், சாம்பியன் ஆன அஞ்சாவது நாள், ரோஸ்பெர்க் போதும்னு ரிட்டயர் ஆயிட்டாரு. உலகத்துலயே நல்ல காரு, மெர்சிடிஸ் சீட்டு, திடீர்னு காலி! இவன் அது வரைக்கும் ஓட்டினது மெர்சிடிஸ் எஞ்சின் வச்ச ஃபோர்ஸ் இந்தியா, ஜெர்மன்காரன், எல்லாம் பொருந்துது, ஆனா கையெழுத்துப் போட்டு ஏழு வாரம் ஆச்சு. சீட்டு போட்டாஸுக்குப் போச்சு, அவரு அதுல பத்து ரேஸ் ஜெயிச்சாரு. இவனால ஜெயிக்க முடியாதுன்னு சொல்றதுக்கு ஆதாரம் கேட்டா 2015 லெ மான்ஸை எடுத்துக்கோ. எஃப்1 சீசன் நடுவுல போய், போர்ஷே கார்ல, மொத தடவையே 24 மணி நேர ரேஸை பாம்பர், டேண்டியோட சேந்து ஜெயிச்சுட்டு வந்தான். நல்ல கார் குடுத்தா என்ன செய்வான்னு அந்த ஒரு தடவைதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது.

நம்ம பட்டறைல ஒரு பையன் இருக்கான் மாப்ள, அவனைப் பத்தி உனக்கு எழுதினதில்லை. அவனுக்கு நான் குடுத்தது மூலைல இருக்கற பழைய லேத்து, ஸ்பிண்டில் பேரிங் தேஞ்சு ஆடும். அதுல அவன் கடைஞ்ச ஷாஃப்டை மைக்ரோமீட்டர் வச்சுப் பாத்தா புது சிஎன்சில, அதான் கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்ல வந்த பீஸுக்குப் பக்கத்துல நிக்குது. எப்படிடா செய்யறேன்னு கேட்டேன், கையில ஹேண்டில் திருப்பறப்ப எங்க விட்டுக்குடுக்குதுன்னு தெரியும், அதுக்கு முன்னாடியே கொஞ்சம் புடிச்சுக்குவேங்கறான். அவனை ரெண்டு வருஷம் அந்த லேத்துலயே வச்சிருந்தேன், ஏன்னா வேலை ஒழுங்கா நடக்குது, எதுக்கு மாத்தணும்னு. போன மாசம்தான் சிஎன்சிக்கு மாத்தினேன். சில்வர்ஸ்டோன் பாத்ததுலருந்து அவன் மூஞ்சி அடிக்கடி ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு.

கார்தான் ஆளை மறைக்குதுங்கறதுக்கு 2020ல பஹ்ரைன்ல நடந்த சாகிர் ரேஸை விட வேற சாட்சி வேண்டாம். ஹாமில்டனுக்குக் கொரோனா, மெர்சிடிஸ்ல ரஸ்ஸலை உக்கார வச்சாங்க. ரெண்டு வருஷமா வில்லியம்ஸ்ல ஒரு பாயின்ட்கூட எடுக்காத பையன். வேற ஆளுக்கு அளவெடுத்த காக்பிட், கால் நுழையாம ஒரு சைஸ் சின்ன ஷூ போட்டுக்கிட்டு ஓட்டறான், குவாலிஃபையிங்ல போட்டாஸுக்கும் அவனுக்கும் வித்தியாசம் 0.026 செகண்ட்! ரேஸ்ல மொத கார்னர்லயே முன்னாடி போயிட்டான், ஜெயிச்சுருப்பான், பிட்ல போட்டாஸோட டயரை இவன் காருக்கு மாட்டிட்டாங்க, திரும்ப உள்ள வந்து போய், திரும்ப ஒவ்வொருத்தரா முந்திட்டு வர்றப்ப பஞ்சர். ஒம்பதாவது. வெள்ளிக்கிழமை வரைக்கும் கடைசி வரிசை ஆளு, ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லார் வாயிலயும் அவன் பேரு. ரஸ்ஸல் மாறிட்டானா? இல்லியே, காரு மாறுச்சு.

அதே ராத்திரி, மொத லாப்ல கடைசிக்குப் போன பெரெஸ் அந்த ரேஸை ஜெயிச்சாரு, அடுத்த வருஷத்துக்கு சீட்டே இல்லாத ஆளு. ரெட் புல் ஆல்பனுக்குப் பதிலா வெளில யோசிச்சது ரெண்டே பேரை, ஒண்ணு பெரெஸ், இன்னொண்ணு யாருன்னு நெனைக்கறே? ஹல்கன்பெர்க்! சாகிர் ஜெயிச்ச பெரெஸுக்கே சீட்டு கிடைச்சுது. பெரெஸ் உழைச்சு வாங்கினாரு, அதுல எனக்குக் குறையில்ல, ஆனா இவனுக்கு நேரம் ஒரு தடவையாவது ஒத்துழைச்சிருக்கலாம்.

இப்ப இருக்கறவங்கள்ல யாருக்குப் பெரிய டீம் குடுக்கணும்னு கேட்டா, மொத ஆளு சைன்ஸ்தான், ரெண்டாவது பேச்சே இல்ல. 2024 பிப்ரவரில ஃபெராரி ஹாமில்டனை எடுத்துட்டாங்க, உனக்கு சீட்டு இல்லன்னு சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. மார்ச்ல குடல்வால் ஆபரேஷன், ரெண்டு வாரம் கழிச்சு மெல்போர்ன்ல ஏறி ரேஸை ஜெயிச்சுட்டான், நடக்கவே கஷ்டப்பட்டவன். அப்படிப்பட்டவனுக்கு மெர்சிடிஸும் கதவைத் திறக்கல, ரெட் புல்லும் திறக்கல, ரெட் புல் பெரெஸுக்கு நீட்டிச்சுக் குடுத்துட்டு அந்த வருஷக் கடைசிலயே அவரையும் அனுப்பினாங்க. சைன்ஸ் வில்லியம்ஸுக்குப் போய் அந்தக் காரையே பாகூல மூணாவது, கத்தார்ல மூணாவது கொண்டுவந்து நிறுத்தினான்.

அந்த ரெட் புல் ரெண்டாவது சீட்டு எத்தனை பேரைத் தின்னுடுச்சு பாரு. கேஸ்லிக்கு 12 ரேஸ்தான் குடுத்தாங்க, கீழ இறக்கி விட்ட அடுத்த வருஷமே சின்ன டீம் கார்ல மோன்சால ஜெயிச்சான். ஆல்பனை அரை சீசன் அனுபவத்தோட மேல ஏத்தி, ஒன்றரை வருஷத்துல இறக்கினாங்க. லாசனுக்கு 2025ல ரெண்டே ரெண்டு ரேஸ். ரெண்டு ரேஸ்ல ஒருத்தனுக்கு சீட்டு பழகுமா, ஸ்டீரிங்ல இருக்கற பட்டன்கூடப் பழகாதே! சான்ஸ்னா உள்ள விட்டு உடனே தள்ளறது இல்ல, உக்கார நேரமும் குடுக்கணும். 2026க்கு ஹஜாருக்கு அந்த சீட்டுன்னு சொன்னதும் சந்தோஷத்தை விட பயம்தான் வந்துச்சு எனக்கு. 2025ல மெல்போர்ன்ல ரேஸ் தொடங்கறதுக்கு முன்னாடி ஃபார்மேஷன் லாப்லயே சுவத்துல விட்டுட்டு அழுதுக்கிட்டே நடந்து வந்தான், ஹாமில்டனோட அப்பா போய்க் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு, அதே பையன் அதே வருஷம் சாண்ட்வோர்ட்ல மூணாவது. நல்ல பையன், திறமை இருக்கு, இன்னொரு வருஷம் கீழ இருந்திருந்தா இன்னும் கெட்டியாயிருப்பான்.

பேர்மேனுக்கு ஃபெராரி குடுக்கலாம்னு நீ எழுதினதுக்கு என் ஓட்டும் உண்டு. 18 வயசுல, சைன்ஸுக்கு ஆபரேஷன்னு திடீர்னு கூப்பிட்டு ஜெட்டால உக்கார வச்சப்ப ஏழாவது வந்தான், 2025ல ஹாஸ் காரை மெக்சிகோல நாலாவது கொண்டுவந்துட்டான். பியாஸ்ட்ரி எஃப்1க்குக் கீழ இருக்கற எஃப்3, எஃப்2 ரெண்டையும் அடுத்தடுத்து ஜெயிச்சும் ஒரு வருஷம் சும்மா நின்னான், நல்லவேளை மெக்லாரன் வந்துச்சு. டிரூகோவிச் 2022 எஃப்2 சாம்பியன், பூர்ஷேர் 2023 சாம்பியன், ரெண்டு பேருக்கும் எஃப்1ல ஒரு ரேஸ்கூட கிடைக்கல. அவங்க தகுதியா இல்லையான்னு நாம சொல்லவே முடியாது, பாத்தாத்தானே.

நம்ம நரேன் கார்த்திகேயனுக்கும் ஒரு நல்ல கார் கிடைச்சிருந்தான்னு நாம எத்தனை ராத்திரி பேசியிருப்போம். 2005 இண்டியானாபோலிஸ், டயர் தாங்காதுன்னு மிஷெலின் டயர் கார் 14ம் ஃபார்மேஷன் லாப்போட பிட்டுக்குள்ள போயிடுச்சு, மீதி ஆறு கார்ல நாலாவது. ஆறு கார் ரேஸ்னு காலேஜ்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, நீ மட்டும் சண்டைக்குப் போனே. நம்ம கோயமுத்தூர்க்காரன் ஜோர்டன் கார்ல உக்காந்திருக்கான், அது போதும் நமக்கு அன்னிக்கு.

பொங்கலுக்கு வர்றியா இல்லையா, டிக்கெட் போட்டதும் சொல்லு. அந்த ரேஸுக்கு மறுநாள் பேப்பர்ல வந்த நரேன் ஃபோட்டோவை வெட்டி உன் டைரிக்குள்ள வச்சிருந்தே, அது இன்னும் இருக்கான்னு தேடிப் பாரு. இருந்தா மறக்காம எடுத்துட்டு வா, பட்டறைல அந்தப் பையன் எஃப்1 பத்தி எங்கிட்ட கேக்க ஆரம்பிச்சிருக்கான், அவனுக்குக் காட்டணும். அப்பா முழங்காலைப் பத்தி மொதல்ல எழுது.

உன் மாப்ள