டிக்கெட் சன்னலையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை பிறந்தால் போதும், 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயிலைப் பற்றி எல்லாரும் எழுதிவிடுகிறீர்கள். சரி, எழுத வேண்டியதுதான். 1891-இல் வந்த காட்பாடி - விழுப்புரம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) பாதையை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. கணியம்பாடிக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவில், அந்தப் பாதையில்தான் எங்கள் ஊர் ஸ்டேஷன்.

அப்பா அங்கே பாயின்ட்ஸ்மேன், தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே வண்டி இல்லை என்பதற்கு அடையாளமான டோக்கன் இல்லாமல் வண்டி நகராது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் இங்குள்ள மெஷினிலிருந்து டோக்கனான இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு அப்பா தூக்கிப் பிடிப்பார். நிற்காத வண்டியென்றால் எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டி அதை வாரிக்கொண்டு, கொண்டுவந்த வளையத்தைக் கீழே வீசிவிட்டுப் போவார். அது பட்ட தழும்பு அப்பாவின் முழங்கையில் கடைசிவரை இருந்தது.

காலை வண்டியில் வேலூர் மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய்க் கூடைகள் ஏறும். ஆடி வெள்ளியில் படவேட்டு அம்மனுக்குப் போகிறவர்கள் கண்ணமங்கலம் வரை இதில்தான் போவார்கள். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகும் வண்டியில் படிக்கட்டிலும் இடம் இருக்காது. அதில் டிக்கெட் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

விழுப்புரம் வரை அகலப்பாதையாகி 2010-இல் மறுபடி ரயில் விட்டார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் நிற்கவில்லை.

இப்போது ஸ்டேஷனில் ஆடு கட்டுகிறார்கள். தேக்குக் கதவு போன இடம் தெரியவில்லை. டிக்கெட்டில் தேதி குத்தும் மெஷின் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. அரைவட்ட டிக்கெட் சன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. காசு தள்ளித் தள்ளி அதன் கல்பலகை நடுவில் வழுவழுவென்று பள்ளமாகியிருக்கிறது.

இடிக்கப்போவதாக ஊரில் பேச்சு. கருங்கல் சுவர், அசையவில்லை. கூரை ஓடுகளை மாற்றினால் ரேஷன் கடைக்கு ஆகும்; எங்கள் கடை வாடகைக் கட்டிடத்தில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதுவும் முடியாதென்றால் அந்தச் சன்னலையாவது பெயர்த்து ஊராட்சி அலுவலகத்தில் பதித்து, ஸ்டேஷன் இருந்த விவரத்தைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். நிருபரை அனுப்பினால் நானே அழைத்துப் போய்ப் பேசவைக்கிறேன். காலையிலேயே வரச் சொல்லுங்கள், மத்தியானம் சீட்டாட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.